விளக்கில்லாத கார்

சென்ற இதழில் நான் ஒரு வேண்டுகோள் வைத்திருந்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். பரணிலோ பழைய பெட்டியிலோ கிடக்கும் பொருள் எதையாவது அசோசியேஷன் அலுவலகத்தில் கொடுத்தால், அதைப் பற்றித் தெரிந்ததை எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். இரண்டு வெற்றிலைச் செல்லம், ஒரு வால்வு ரேடியோ, நின்றுபோன ஒரு சுவர்க் கடிகாரம், ஒரு போட்டோ போஸ்ட்கார்டு ஆகியவை வந்து சேர்ந்தன. மற்றவற்றுக்கும் முறை வரும். இந்த இதழில் போஸ்ட்கார்டு.

கொண்டுவந்தவர் இரண்டாவது பிளாக்கில் இருக்கும் நம் நண்பர். அவருடைய அப்பா தபால்தலை சேர்ப்பவர். அந்த ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் இந்தக் கார்டு செருகியிருந்ததாம். கறுப்பு வெள்ளைப் படம், ஓரங்கள் பழுப்பேறிவிட்டன. பின்பக்கம் செய்திக்கு ஒரு பாதி, முகவரிக்கு ஒரு பாதி. இரண்டும் காலி. தபால்தலை ஒட்டிய தடமும் இல்லை. யாரோ வாங்கி, யாருக்கும் அனுப்பாமல் வைத்திருக்கிறார்கள்.

படத்தைச் சற்று நேரம் பாருங்கள். ஒரு திறந்த கார். இருவர் உட்காரும் இடம், பின்னால் மடித்து மூடும் ஒரு சிறு இருக்கை. இன்ஜினை மூடும் பானெட் மட்டுமே வண்டியின் பாதி நீளத்துக்கு வருகிறது. முன்னால் குதிரை லாட வடிவில் ரேடியேட்டர். சக்கரங்களுக்கு மேலே அலைபோல் வளைந்து போகும் மட்கார்டு. பக்கத்தில் நன்றாக உடுத்திய ஓர் இளைஞர் நிற்கிறார். சக்கரமே அவர் இடுப்பை எட்டும் போலிருக்கிறது.

ஏதோ ஒன்று குறைகிறது என்று தோன்றுகிறதா? எனக்கும் இரண்டு நாள் பிடிபடவில்லை. அந்தக் காருக்கு ஹெட்லைட் கிடையாது.

அது புகாட்டி ரொயால். ஆண்டு 1932. வாங்கியவர் அர்மான் எஸ்டெர்ஸ் என்னும் பிரெஞ்சு ஆயத்த ஆடைத் தொழிலதிபர். இரவில் ஓட்டப் போவதில்லை, ஆகவே விளக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். நம் ஸ்டில்ட் பார்க்கிங்கில் ஒரு வண்டிக்கு ஒதுக்கிய இடம் இரண்டரைக்கு ஐந்து மீட்டர். இந்தக் கார் ஆறு மீட்டருக்கும் மேல். ஒரு எஸ்யூவி கோட்டைத் தாண்டி அரை அடி நின்றதற்கு வாட்ஸ்அப் குழுவில் நடந்ததை நினைத்துப் பார்த்தால், எஸ்டெர்ஸ் நம் குடியிருப்பில் இல்லாதது நல்லதுதான்.

இன்ஜின் 12.7 லிட்டர். நம்மில் பலர் வைத்திருக்கும் சிறிய காரின் இன்ஜின் 1.2 லிட்டர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். இப்படி ஒன்றைச் செய்ய நினைத்த மனிதர் எத்தோரே புகாட்டி. அவர் வாழ்க்கையைத்தான் சொல்லப் போகிறேன். படத்தில் நிற்பவர் அவரல்ல. அந்த இளைஞரிடம் பிறகு வருகிறேன்.

எத்தோரே பிரெஞ்சுக்காரராகப் பிறக்கவில்லை. 1881 செப்டம்பர் 15-ஆம் தேதி இத்தாலியின் மிலான் நகரில் பிறந்தவர். அப்பா கார்லோ, மரச்சாமான் வடிவமைப்பாளர். சாதாரண மேசை நாற்காலி அல்ல. மரத்தில் செம்பும் தோலும் பதித்து, வட்டமும் வளைவுமாக அவர் செய்த நாற்காலிகள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. 1902-இல் துரின் கண்காட்சியில் ஓர் அறையையே நத்தைக் கூட்டின் வளைவில் அமைத்துக் காட்டினார். அத்தை ஒருவரின் துணைவர் செகன்தீனி என்ற புகழ்பெற்ற ஓவியர். தம்பிக்கு வைத்த பெயர் ரெம்ப்ரான்ட். அந்த வீட்டில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

தம்பி பெயருக்கேற்ப கலைஞரானார், விலங்குகளை வெண்கலத்தில் வடித்த சிற்பி. அண்ணனோ பதினாறு பதினேழு வயதில் சைக்கிளும் மோட்டார் பொருத்திய மூன்று சக்கர வண்டியும் செய்யும் மிலான் தொழிற்சாலை ஒன்றில் பயிற்சிக்குச் சேர்ந்தார். இன்ஜினீயரிங் பட்டம் எதுவும் கிடையாது. கண்ணால் பார்த்து, கையால் தொட்டுக் கற்றதுதான். 1901-இல் மிலான் கண்காட்சியில் தானே வடிவமைத்த காரை வைத்தார், பரிசும் வாங்கினார். அதைப் பார்த்த டி டீட்ரிஷ் என்ற பெரிய நிறுவனம் அல்சாஸுக்கு வந்து கார் வடிவமைக்கும்படி அழைத்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் வயது இன்னும் வரவில்லை. அப்பா போட்டார்.

அல்சாஸ் என்ற இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது குழப்பும். ரைன் ஆற்றின் மேற்குக் கரையில் உள்ள அந்தப் பகுதி 1871-இல் பிரான்சிடமிருந்து ஜெர்மனிக்குப் போனது, 1918-இல் பிரான்சுக்குத் திரும்பியது, 1940-இல் மறுபடி ஜெர்மனி பிடித்தது, 1945-க்குள் மறுபடி பிரான்ஸ். ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது, எல்லைக்கோடுதான் மேலும் கீழும் ஓடியது. அந்த ஊரில் தொழில் நடத்தியவர் ஓர் இத்தாலியர். இந்த ஒரு செய்திதான் அவருடைய கடைசி ஆண்டுகளைக் கசப்பாக்கியது.

டி டீட்ரிஷ், பிறகு ஸ்ட்ராஸ்பர்க்கில் மாத்தி என்பவரோடு கூட்டு, பிறகு கொலோன் நகரின் டாய்ட்ஸ் கம்பெனி என்று சில ஆண்டுகள் போயின. பிறர் சம்பளத்தில் பிறர் காரை வரைந்துகொண்டே, கொலோனில் தன் வீட்டு அடித்தளத்தில் தனக்கென்று ஒரு சிறிய காரைக் கட்டினார். 1909 முடிவில் வேலையை விட்டார். ஒரு வங்கியாளரின் கடன் உதவியோடு, அல்சாஸில் மோல்சைம் என்ற சிற்றூரில், கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு சாயப் பட்டறையை வாடகைக்கு எடுத்தார். வயது 28. மனைவியும் மூன்று சிறு குழந்தைகளும் உடன். மூத்த மகளுக்குத் தன் பெயரின் முதலெழுத்துகளையே சேர்த்து லெபே என்று பெயர் வைத்திருந்தார். மூன்றாவது, அந்த ஆண்டு ஜனவரியில் பிறந்த மகன் ழான்.

இரண்டே ஆண்டில் பெயர் வந்தது. 1911-இல் பிரான்சின் லெ மான் நகரில் நடந்த பந்தயத்தில் பத்து லிட்டர் இன்ஜின் கொண்ட ஒரு ராட்சத ஃபியட் முதலில் வந்தது. அதற்கு அடுத்து வந்தது 1.3 லிட்டர் கொண்ட குட்டி புகாட்டி. ஓட்டியவர் எர்னஸ்ட் ஃப்ரிடெரிக் என்ற அவருடைய மெக்கானிக். பெரிய இன்ஜின்தான் வேகம் என்று நம்பியிருந்த உலகத்துக்கு எடையைக் குறைத்தாலும் வேகம் வரும் என்று காட்டியது அந்தக் கார். விமானி ரோலான் கரோஸ், ஆமாம், பிரெஞ்சு ஓப்பன் டென்னிஸ் மைதானத்துக்குப் பெயர் கொடுத்தவரேதான், அவரும் ஒரு புகாட்டி வாங்கினார். பெஜோ நிறுவனத்துக்காக ஒரு மலிவான சிறிய காரும் வடிவமைத்துக் கொடுத்தார். சாமானியருக்கு ஏற்ற காரை வரையத் தெரியாதவர் அல்ல. தன் பெயரில் விற்க அவருக்கு அதில் மனமில்லை, அவ்வளவே.

1914-இல் போர் வந்தது. மோல்சைம் அப்போது ஜெர்மன் மண். புதிதாகச் செய்து வைத்திருந்த பந்தயக் கார்கள் சிலவற்றின் பாகங்களைத் தொழிற்சாலையிலேயே மண்ணில் புதைத்துவிட்டு, குடும்பத்தோடு மிலானுக்கும் பிறகு பாரிசுக்கும் போனார் என்பார்கள். பாரிசில் நேச நாடுகளுக்காக விமான இன்ஜின் வடிவமைத்தார். அந்த ஆண்டுகளில்தான் தம்பி போனார். ரெம்ப்ரான்ட் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் விலங்குக் காட்சிசாலையில் மாதக்கணக்கில் உட்கார்ந்து விலங்குகளைப் பார்த்து வடித்தவர். போரில் அந்த விலங்குகள் பல கொல்லப்பட்டன. செஞ்சிலுவை மருத்துவமனையில் தொண்டு செய்தபோது கண்டவையும் அவரை வாட்டின. 1916 ஜனவரியில் பாரிசில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். வயது 31.

போர் முடிந்து மோல்சைம் பிரான்சுக்குத் திரும்பியபோது எத்தோரேவும் திரும்பினார். அதற்குப் பின் பத்து ஆண்டுகள் அவருடைய ஆண்டுகள். 1921-இல் இத்தாலியின் பிரெஷ்யா நகரில் ஒரே பந்தயத்தில் முதல் நான்கு இடங்கள். 1924-இல் டைப் 35 என்ற நீலப் பந்தயக் கார் லியோன் நகரில் முதல் முறை ஓடியது. அன்று டயர்கள் கிழிந்து தோல்விதான். ஆனால் 1925 முதல் 1929 வரை சிசிலியின் மலைப்பாதைப் பந்தயமான தார்கா ஃப்ளோரியோவை ஐந்து ஆண்டும் புகாட்டியே வென்றது. 1929-இல் நடந்த முதல் மொனாக்கோ கிராண்ட் பிரியையும் அதுவே வென்றது. நீங்கள் இன்று காரில் போடும் அலாய் வீல் இருக்கிறதே, அதன் மூதாதை அந்த டைப் 35-இன் அலுமினியச் சக்கரம்தான்.

தொழிற்சாலையை அவர் நடத்திய விதம் ஒரு ஜமீன் மாதிரி. குதிரை லாயம் உண்டு. கார் வாங்க வருபவர்கள் தங்கச் சொந்த விடுதி உண்டு. பட்டறைக் கதவுகளில் பித்தளை மினுங்கும். மெக்கானிக்கின் மேசையில் இரும்பைப் பிடிக்கும் வைஸ்கூட அவர் வடிவமைத்ததுதான், கடையில் வாங்கியது ஆகாது. தொழிலாளர்கள் அவரை முதலாளி என்றே அழைத்தார்கள், பெயர் சொல்லி அல்ல. பிடிவாதமும் அதே அளவு. மற்றவர்கள் ஹைட்ராலிக் பிரேக்குக்கு மாறிப் பல ஆண்டுகள் ஆன பின்னும் அவர் கம்பி இழுக்கும் பிரேக்கையே விடவில்லை. 1938-இல்தான் மாறினார். ஓட்டியவர்கள் பாடு அவர்களுக்குத்தான் தெரியும்.

அந்தப் பிடிவாதத்தின் உச்சம் ரொயால். அரசர்களுக்கான கார், ரோல்ஸ்ராய்ஸையும் மிஞ்ச வேண்டும். 25 கார் செய்வது என்று திட்டம். 1926-இல் முதல் மாதிரி வந்தது. ரேடியேட்டர் மூடியின் மேல் பின்னங்காலில் நிமிர்ந்து நிற்கும் ஒரு சிறு யானை. அது இறந்துபோன தம்பி வடித்த சிற்பத்திலிருந்து எடுத்தது. ரொயாலை வெறும் பகட்டு என்று ஒதுக்கிவிட முடியாதபடி என்னை நிறுத்துவது அந்த யானைதான்.

அந்த முதல் மாதிரியை எத்தோரேவே தன் சொந்தக் காராக ஓட்டினார். 1931 வாக்கில் பாரிசிலிருந்து வீடு திரும்பும்போது சக்கரத்தின் பின்னால் கண்ணயர்ந்து, வண்டியை நொறுக்கிவிட்டார். மூன்று டன் எடையும் அவருக்கு உதவவில்லை.

அரசர்கள் யாரும் வாங்க வரவில்லை. 1929-இல் நியூயார்க் பங்குச்சந்தை சரிந்து உலகமே பணமில்லாமல் நின்றது. மொத்தம் ஆறு ரொயால்தான் உருவாயின. வெளியாருக்கு விற்றது மூன்று. ஒன்று நம் போஸ்ட்கார்டில் இருப்பது. ஒன்று ஜோசப் ஃபூக்ஸ் என்ற ஜெர்மன் பிரசவ மருத்துவருக்கு. ஒன்று ஓர் ஆங்கிலேயருக்கு. மிச்சம் மூன்றும் வீட்டிலேயே நின்றன. 25 காருக்கான இன்ஜின் வேலை தொடங்கியிருந்த ஒரு சிறிய தொழிற்சாலைக்கு அது என்ன அடி என்பதை, சொந்தத் தொழில் செய்யும் நம் நண்பர்கள் சொல்லாமலே புரிந்துகொள்வார்கள்.

கம்பெனியைக் காப்பாற்றியது ரயில். பிரெஞ்சு அரசு ரயில்வேக்கு விரைவான, இலகுவான ரயில் கார் தேவைப்பட்டது. எத்தோரே விற்காத ரொயால் இன்ஜினை எடுத்து, ஒரு ரயில் பெட்டிக்கு இரண்டு அல்லது நான்கு என்று பொருத்தினார். ஓட்டுநர் பெட்டியின் நடுவில், கூரைக்கு மேலே நீட்டிய ஒரு சிறு கூண்டில் உட்காருவார். 1933-இல் பாரிசிலிருந்து தோவில் என்ற கடற்கரை ஊருக்கு ஓடத் தொடங்கின. அடுத்த ஆண்டு மகன் ழான் முன்னிருக்க ஒரு ரயில் கார் மணிக்கு 196 கிலோமீட்டர் என்ற சாதனை வேகத்தைத் தொட்டது. அரசருக்கென்று செய்த இன்ஜின், டிக்கெட் வாங்கிய பயணிகளை ஏற்றிக்கொண்டு 1950-கள் வரை ஓடியது. ரொயாலை உலகின் மிகப் பெரிய வியாபாரத் தோல்வி என்று எழுதுபவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.

இப்போது போஸ்ட்கார்டில் நிற்கும் இளைஞர். அவர்தான் ழான். எஸ்டெர்ஸின் காருக்கு உடல் வரைந்தவர் அவர். 23 வயது. அந்த மட்கார்டின் வளைவை மறுபடி பாருங்கள். அப்பா இன்ஜின்காரர். உருவம் மகனுடையது, அல்லது நாற்காலி செய்த தாத்தாவுடையது என்று சொன்னாலும் தப்பில்லை. பிறகு வந்த டைப் 57 ழானின் கார். அதில் அட்லாண்டிக் என்ற வகையில் முதுகெலும்பு போல் ஒரு தகட்டு விளிம்பு ஓடும், அதில் வரிசையாக ரிவெட். முதல் மாதிரிக்குப் பயன்படுத்திய மெக்னீசியக் கலவையை வெல்டிங் செய்வது கடினம் என்பதால் ரிவெட் அடித்தார்கள். அடுத்தவை அலுமினியத்தில் வந்தும் அந்த ரிவெட்டை அழகுக்காகவே வைத்துக்கொண்டார்கள். நான்கே செய்தார்கள். அதில் ழானிடம் இருந்த கறுப்புக் கார் போரில் காணாமல் போனது, இன்றுவரை கிடைக்கவில்லை.

1936-இல் பிரான்ஸ் முழுவதும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மோல்சைமிலும் பட்டறையை ஆக்கிரமித்து உட்கார்ந்தார்கள். தன்னைக் குடும்பத் தலைவராகவே நினைத்துக்கொண்டிருந்த எத்தோரேவுக்கு அது தாங்கவில்லை. பாரிசுக்குப் போய்விட்டார். நிர்வாகம் 27 வயது ழானிடம் வந்தது. அவர் மனம் புண்பட்டது புரிகிறது. ஆனால் சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறை, வாரம் 40 மணி நேர வேலை என்று பிரெஞ்சுத் தொழிலாளிக்குக் கிடைத்தது அந்த ஆண்டின் போராட்டத்தில்தான். பித்தளைக் கதவு பளபளத்தால் போதுமா, அதைத் துடைப்பவருக்கும் லீவு வேண்டாமா?

அப்பா இல்லாத மோல்சைமை மகன் நன்றாகவே நடத்தினார். லெ மான் நகரின் 24 மணி நேரப் பந்தயத்தை 1937-இலும் 1939-இலும் புகாட்டி வென்றது. ழான் தானே பந்தயத்தில் ஓட்டுவதை அப்பா விரும்பவில்லை. ஆனால் கார்களைச் சோதித்து ஓட்டுவது அவர் வேலை. 1939 ஆகஸ்ட் 11 இரவு, லெ மானில் வென்ற அதே காரை மோல்சைமுக்கு அருகே சாலையில் வேகமாக ஓட்டிப் பார்த்தார். எதிரே ஒரு சைக்கிள்காரர் வந்துவிட்டார். அவர் மேல் ஏற்றாமல் இருக்கத் திருப்பியதில் கார் மரத்தில் மோதியது. ழானுக்கு வயது 30. அன்று எத்தோரே ஊரில் இல்லை.

மூன்று வாரத்தில் இரண்டாம் உலகப் போர். அடுத்த ஆண்டு ஏப்ரலில் தாத்தா கார்லோவும் இறந்தார். மகன் ரெம்ப்ரான்டையும் பேரன் ழானையும் வழியனுப்பிவிட்டுப் போனார் அவர்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஜெர்மானியர் அல்சாஸைப் பிடித்தார்கள். தொழிற்சாலையைப் பாதி மதிப்புக்கு விற்கும்படி கட்டாயப்படுத்தினார்கள், விற்றார். நிலத்திலும் நீரிலும் ஓடும் ராணுவ வண்டி செய்யும் ஒரு ஜெர்மன் அங்கே வந்து உட்கார்ந்தார். புகாட்டி ஓட்டிய வீரர்களில் இருவர், பெனுவாவும் கிரோவர் வில்லியம்ஸும், பிரிட்டிஷ் ரகசியப் படையில் சேர்ந்து பிரான்சில் எதிர்ப்புப் பணி செய்து, பிடிபட்டு, நாஜி முகாம்களில் கொல்லப்பட்டார்கள். 1944-இல் எத்தோரேவின் மனைவி பார்பரா இறந்தார். போர் முடிந்ததும் பிரெஞ்சு அரசு தொழிற்சாலையைத் தன் வசம் எடுத்துக்கொண்டது. எதிரிக்கு விற்றீர்கள், நீங்கள் இத்தாலியர் என்பது வாதம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த நாட்டில் வாழ்ந்து, பந்தயக் களங்களில் அதன் நீல நிறத்தை ஓட்டியவர், கடைசியில் 1946-இல்தான் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றார். பத்திரத்தில் ஒரு பெயர் மாற்றத்துக்கு அலைந்தவர்களுக்கு அவர் நிலை புரியும்.

வழக்குப் போட்டார். 1947-இல் மேல்முறையீட்டில் தொழிற்சாலை அவருக்கே என்று தீர்ப்பானது. அப்போது அவர் எழ முடியாத நோயில் கிடந்தார். அந்த ஆகஸ்ட் 21-ஆம் தேதி பாரிசை ஒட்டிய நெய்யி என்ற ஊரில் இறந்தார். மோல்சைமுக்குப் பக்கத்து ஊரான டோர்லிசைமில் அப்பா, தம்பி, மகன் ஆகியோரோடு அவரும் இருக்கிறார்.

கார்கள் என்ன ஆயின என்று கேட்பீர்கள். ஆறு ரொயாலும் இன்றும் இருக்கின்றன. மருத்துவர் ஃபூக்ஸின் கார் அவரோடு ஷாங்காய் வழியாக நியூயார்க் போய், குளிரில் இன்ஜின் விரிசல் விட்டு, பழைய இரும்புக் கடைக்குப் போனது. ஒரு அமெரிக்கக் கார் பொறியாளர் அதைச் சில நூறு டாலருக்கு வாங்கிப் பழுது பார்த்தார், இப்போது ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வீட்டில் நின்றவற்றில் இரண்டை 1950-இல் மகள் லெபேயிடமிருந்து ஓர் அமெரிக்கர் வாங்கினார். கொஞ்சம் பணம், கூடவே புதிய ஃபிரிட்ஜ்கள் என்று பேசி முடித்ததாகச் சொல்வார்கள். அந்த இரண்டில் ஒன்று 1987-இல் லண்டன் ஏலத்தில் 55 லட்சம் பவுண்டுக்குப் போனது.

போஸ்ட்கார்டில் இருப்பது மட்டும் வேறு கதை. எஸ்டெர்ஸ் அதை விற்றார். புதிய உரிமையாளர் ழான் வரைந்த உடலைக் கழற்றிவிட்டு, பின்டர் என்ற பட்டறையில் கூரையோடு கூடிய வேறு உடல் பொருத்திக்கொண்டார், ஹெட்லைட்டோடு. சேஸிஸும் இன்ஜினும் அவையேதான். ஆனால் நீங்கள் பார்க்கும் இந்த உருவம் பத்து ஆண்டுகூட உலகில் இருக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து, பிரான்சின் முலூஸ் நகரக் கார் அருங்காட்சியகத்தில் இருப்பவர்கள் பழைய படங்களை வைத்து அதேபோல் ஒன்றைச் செய்து நிறுத்தியிருக்கிறார்கள். அதற்கும் விளக்கு வைக்கவில்லை.

கார்டு இந்த மாதக் கடைசி வரை அசோசியேஷன் அலுவலகத்தில், கண்ணாடி போட்ட சட்டத்துக்குள் இருக்கும். ஞாயிறு காலை 10 முதல் 12 வரை பார்க்கலாம். வெளியே எடுத்துப் பார்க்க விரும்பும் பிள்ளைகள் என்னிடம் கேட்கட்டும், பின்பக்கத்தையும் காட்டுகிறேன். காபி டம்ளரை மட்டும் அந்த மேசையில் வைக்க வேண்டாம். அடுத்த இதழில் வால்வு ரேடியோ.